ராமநாதபுரம் கடற்கரையில் நாயைச் சங்கிலி இல்லாமல் ஓட விடலாமா? பாதுகாப்பா?

நானே நாலு வருஷம் அப்படி விட்டவன்தான். இப்போது விடுவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் மதுரையோ சென்னையோ, அடுக்குமாடியில் லேப்ரடார் வளர்க்கிறவராகத்தான் இருப்பீர்கள். பாவம், டைல்ஸ் தரையில் வழுக்கி வழுக்கியே வளர்ந்திருக்கும். அரியமான் கடற்கரையை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். சவுக்குத் தோப்பு, பெரிய அலை இல்லாத கடல், ஆளே இல்லாத மணல். ஒரு தடவையாவது அவிழ்த்துவிட்டுப் பார்க்கணும் என்று ஆசை வரும், தப்பில்லை. ஆனால் ஆளே இல்லாத கரை என்று எங்கள் பக்கம் எதுவும் கிடையாது. விடிகாலையில் நீங்கள் காரை விட்டு இறங்கும்போது அங்கே ஒருத்தர் வேலையை ஆரம்பித்து ரெண்டு மணி நேரம் ஆகியிருக்கும்.

என் நாய் பெயர் செவலை. முப்பது கிலோ. அப்பன் அசல் ராமநாதபுரம் மண்டை. (இதைச் சொன்னால் 'அப்படி ஓர் இனமா?' என்று கேட்கிறார்கள். 2005-இல் நம் நாட்டு நாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்றாலும் இன்றைக்கு நாலு பேருக்குத் தெரியும். எங்கள் மண்டையை எவரும் கண்டுகொள்ளவில்லை. எங்கள் மாவட்டத்துக்காரனே ஹஸ்கி வாங்கி வந்து ஏசி போட்டு வைத்திருக்கிறான். சித்திரை வெயிலில் அது நாக்கைத் தள்ளிக்கொண்டு கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. சரி, அது வேறு கதை.)

மூன்று வருஷத்துக்கு முன், மே மாதம். மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, அதனால் கரை வெறிச்சென்று இருக்கும் என்று கணக்குப் போட்டேன். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்பது அந்த நேரத்தில் மண்டையில் உறைக்கவில்லை. காலை ஆறு மணி. சங்கிலியைக் கழற்றினேன், செவலை அம்பு மாதிரி போனான்.

இருநூறு அடி தள்ளி ஓர் ஆத்தா பழைய வலையை விரித்து நெத்திலி காயப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆறு வயசுப் பேரன். செவலை நேராகக் கருவாட்டு மேல் ஓடினான், நடுவில் நின்று காலையும் தூக்கினான். ஆத்தா கத்த, பையன் பயந்து ஓட, ஓடுகிறதைக் கண்டால் துரத்துவதுதானே வேட்டை ரத்தம். நான் தூரத்தில் இருந்து கத்தியது என்ன தெரியுமா? "ஒண்ணும் செய்யாது! ஒண்ணும் செய்யாது!" நான் சொல்லி முடிப்பதற்குள் பையனின் கெண்டைக்காலில் பல் பட்டுவிட்டது. சின்னக் கீறல்தான், ஆனால் ரத்தம் வந்தது.

ஒருத்தர் சுண்ணாம்பு வைக்கச் சொன்னார், ஒருத்தர் காப்பித்தூள். ரெண்டும் கூடாது. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். எனக்கு அது தெரியும், ஆனால் ஓடும் தண்ணீருக்கு எங்கே போவது? அங்கே கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிக்கிற தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற ஊர். அந்தப் பெண்கள் ஒன்றும் பேசாமல் வீட்டில் இருந்து குடங்களைத் தூக்கி வந்தார்கள். ஒருத்தி ஊற்ற, நான் துணி சோப்பைத் தேய்த்தேன். ஆறு குடம் போனது. அன்றைக்கு அவர்கள் வீட்டில் சோறு வடிக்க என்ன செய்தார்களோ, கேட்க எனக்கு வாய் வரவில்லை.

'ஊசி போட்ட நாய்தானே, எதற்கு இவ்வளவு?' என்று எழுதப் போகிறவர்களுக்கு: ஆமாம், வருஷம் தவறாமல் போட்டிருக்கிறேன், அட்டையும் காட்டினேன். டாக்டர் அதைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார், அவ்வளவுதான். ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றி வெறிநோய் எதிர்ப்புச் சீரம் ஊசி, அப்புறம் 0, 3, 7, 28-ஆம் நாட்களில் தடுப்பூசி. அரசு மருத்துவமனையில் காசு வாங்கவில்லை. நாலு நாளும் பையனை என் வண்டியில்தான் கூட்டிப் போனேன்.

வெறிநோய் அறிகுறி தெரிகிறதா என்று நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்லியிருந்தார்கள். பத்து நாளும் சாயங்காலம் பையனின் அப்பா டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வருவார். உள்ளே வாங்க என்றால் வரமாட்டார். கேட்டுக்கு வெளியே நின்று, "நாய் திங்குதா?" என்பார். நான் தட்டைக் காட்டுவேன். செவலை தண்ணீர் குடிக்கிற வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். போலீசுக்குப் போயிருக்கலாம். நாயைக் கவனக்குறைவாக விட்டால், இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், இல்லை ரெண்டும். அவர் போகவில்லை. அந்த ஆத்தா மட்டும் இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "ரெண்டு கூடை நெத்திலி போச்சே தம்பி" என்பார். காசு கொடுத்துவிட்டேன், இருந்தாலும் சொல்வார்.

நாயை வெறுக்கிறவன் என்று என்னைத் திட்டாதீர்கள், இப்போது வீட்டில் ரெண்டு இருக்கிறது. அவிழ்த்து விடுவதே தப்பு என்றும் சொல்லவில்லை. அதற்கென்று கட்டிய இடம் வேண்டும். ஹைதராபாத் கொண்டாப்பூரில் 2018-இல் மாநகராட்சி நாய்ப் பூங்கா திறந்தது. மச்சான் அங்கே இருப்பதால் ஒரு முறை போய்ப் பார்த்தேன். இந்த மாதிரிப் பூங்காவின் சூட்சுமமே வேலிதான். பெரிய நாய்க்கும் சின்ன நாய்க்கும் தனித்தனி இடம், ஒழுங்காகக் கட்டியதில் வாசலுக்கு ரெண்டு கதவு. முதல் கதவைச் சாத்திவிட்டு நடுவில் நின்று சங்கிலியைக் கழற்ற வேண்டும். சங்கிலியோடு உள்ளே போனால் மற்றவை சூழும்போது நம்முடையது தப்ப வழியில்லாமல் கடிக்கும். புதுசாக ஒன்று வந்தால் எல்லாம் வாசலில் போய் மொய்க்கும், சண்டையும் பெரும்பாலும் அங்கேதான் வரும். பந்து, தீனி, சின்னப் பிள்ளைகள் மூன்றையும் கூட்டிப் போகாமல் இருப்பது நல்லது. நம் கடற்கரையில் வேலியும் கிடையாது, கதவும் கிடையாது.

தனுஷ்கோடிப் பக்கம் நினைக்கவே வேண்டாம். 2025 ஜூனில் அங்கே பூநாரைச் சரணாலயம் அறிவித்துவிட்டார்கள். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி என்கிற கடலாமை) முட்டையிடக் கரையேறும், நாய்க்கு அந்தக் குழியைத் தோண்டுவது ஒரு நிமிஷ வேலை. கரையில் செத்து ஒதுங்கும் பேத்தை மீனை (பந்து மாதிரி உப்பிக்கொள்ளுமே, அது) வாயில் வைக்க விடாதீர்கள், அதன் விஷத்துக்கு மாற்று மருந்தே இல்லை. ஒன்பது மணிக்கு மேல் மணல் கால் பாதத்தைச் சுடும். கடல் தண்ணீரைக் குடித்தால் வழியெல்லாம் காருக்குள் வாந்தி.

அப்புறமும் வருவேன் என்றால் வார நாளில் அரியமானுக்கு வாருங்கள். கழுத்தில் கட்டாமல் நெஞ்சுப் பட்டையில் முப்பது அடிப் பருத்திக் கயிறு கட்டி விடுங்கள், நைலான் உள்ளங்கையை அறுத்துவிடும். அந்த முப்பது அடிக்குள் ஓடினாலே லேப்ரடாருக்கு மூச்சு வாங்கிவிடும். வண்டியில் ஒரு சோப்பும் ரெண்டு கேன் நல்ல தண்ணீரும் எடுத்து வாருங்கள்.