ரெண்டு மாசத்துல இதயம், நுரையீரல் ஆராய்ச்சி கத்துக்க முடியுமா?

தாராளமா முடியும் தம்பி. புதுச்சேரியில செகண்ட் இயர் எம்பிபிஎஸ்னு சொல்லியிருக்க, அதனால முதல்ல ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) எஸ்டிஎஸ், அதாவது மாணவர்களுக்கான குறுகிய கால ஆராய்ச்சித் திட்டம், அதைப் பாரு, 1979லேர்ந்து நடக்குது, ரெண்டு மாசம்தான், உன் காலேஜ் ஆசிரியர் ஒருத்தர் கைடா இருக்கணும், உதவித்தொகையும் உண்டு. கோரிமேடு ஜிப்மர் மருத்துவக் கல்லூரி பசங்களுக்கு ஜிஜே-ஸ்ட்ராஸ்னு இதே மாதிரி குறுகிய கால ஆராய்ச்சித் திட்டம் தனியாவே ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல என்ஐஎச்ங்கற தேசிய சுகாதார நிறுவனத்தோட டி35 பயிற்சித் திட்டமும் இதே மாதிரிதான், ஆனா அது அந்த ஊர் மாணவர்களுக்கு.

தலைப்பை மட்டும் சின்னதா எடு. மாரடைப்பு ஏன் வருதுன்னு ஆரம்பிச்சா ரெண்டு மாசத்துல கரை சேர முடியாது. சிஓபிடி, அதாவது நாள்பட்ட மூச்சடைப்பு நுரையீரல் நோய் இருக்கறவங்கள 30 மீட்டர் வராண்டாவுல 6 நிமிஷம் நடக்க வெச்சு, எவ்ளோ தூரம் போறாங்க, ஆக்சிஜன் எவ்ளோ இறங்குதுன்னு குறிச்சு, அதை ஸ்பைரோமெட்ரி (மூச்சை ஊத வெச்சு நுரையீரல் திறனை அளக்கற சோதனை) அளவோட ஒப்பிட்டாலே அருமையான வேலை. பீடியே தொடாத பாட்டிங்களுக்கும் இந்த நோய் வரும், வருஷக்கணக்கா வெறகு அடுப்பு ஊதின புகைதான் காரணம், இதெல்லாம் புக்குல படிக்கறதவிட பக்கத்துல நின்னு பாத்தாதான் மனசுல நிக்கும்.

நோயாளிகள வெச்சு செய்யற ஆராய்ச்சி சரியான முறையில இருக்கான்னு பாக்கற எத்திக்ஸ் கமிட்டியோட அனுமதிக்காக சீக்கிரமே அலைய ஆரம்பிச்சுடு, அது வராம ஒரு நோயாளிகிட்டகூட டேட்டா எடுக்கக் கூடாது. கைடு பெரிய பேரா இருக்கணும்னு இல்ல, வாரம் ஒரு மணி நேரம் உன்கூட உக்காருறவரா பாரு.