மில்லிகிராம் வேறு, மில்லிலிட்டர் வேறு

தாதியர் பயிற்சியில் இருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளுக்கு, மருந்தாளர் ஒருவரும் தாதியர் பயிற்றுநர் ஒருவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

குழந்தைகள் வார்டில் 12 கிலோ பிள்ளைக்கு 180 மில்லிகிராம் பாரசிட்டமால் என்று எழுதியிருந்தது. 7.5 மில்லிலிட்டர் என்றேன் நான். 3.6 என்றாள் தோழி. யார் சொன்னது சரி?
– மாணவி, செந்தூல்

பாட்டிலைப் பார்க்காமல் சொல்ல முடியாது. பாரசிட்டமால் சிரப் மலேசியாவில் இரண்டு வலுவில் கிடைக்கிறது. ஒன்றில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் மருந்து, மற்றதில் 5 மில்லிலிட்டருக்கு 250. முதல் பாட்டில் என்றால் உங்கள் கணக்கு சரி: 180ஐ 120ஆல் வகுத்து 5ஆல் பெருக்கினால் 7.5. இரண்டாவது என்றால் தோழி சரி: 180ஐ 250ஆல் வகுத்து 5ஆல் பெருக்கினால் 3.6.

எந்த மருந்துக்கும் வழி இதுதான். வேண்டிய அளவைக் கையில் உள்ள அளவால் வகுத்து, அது கரைந்திருக்கும் மில்லிலிட்டரால் பெருக்குங்கள். சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம். ‘கையில் உள்ள அளவை’ லேபிளில் படிக்காமல் நேற்றைய பாட்டிலின் நினைவில் போடும்போதுதான் தவறு வருகிறது. 250 பாட்டிலிலிருந்து 7.5 மில்லிலிட்டர் போனால் பிள்ளைக்கு 375 மில்லிகிராம் போய்விடும். கிலோவுக்கு 15 மில்லிகிராம் கொடுக்க வேண்டிய இடத்தில் 31. ஒரு வேளையோடு நின்றால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். நாளுக்கு நாலு வேளையாக இரண்டு மூன்று நாள் ஓடினால் கல்லீரல் தாங்காமல் போகலாம். பாரசிட்டமாலில் ஒரு சிறு பங்கு கல்லீரலில் நச்சுப் பொருளாக மாறுகிறது. அதை முறிக்கும் குளுட்டாதையோன் என்ற பொருள் தீர்ந்துபோனால் நச்சு ஈரல் செல்களையே தாக்கும்.

கணக்கு முடிந்ததும் விடையைக் கண்ணால் எடை போடுங்கள். சின்னப் பிள்ளைக்கு 36 மில்லிலிட்டர் என்று வந்தால் புள்ளி எங்கோ நழுவியிருக்கிறது. அளக்க வாய்வழி சிரிஞ்சையே எடுங்கள். அதன் முனை இரத்தநாள ஊசிக் குழாயில் பொருந்தாதபடி செய்யப்பட்டிருப்பதால், வாய் மருந்து தவறி இரத்தத்துக்குள் போகாது.

மூன்று நாளாக நான்தான் அந்தப் பெரியவரைக் கவனிக்கிறேன். ஒவ்வொரு வேளையும் பெயர் கேட்டால், “என்னம்மா, என்னைத் தெரியாதா?” என்று கோபிக்கிறார். கேட்கத்தான் வேண்டுமா?
– மாணவி, பட்டர்வொர்த்

கேட்கத்தான் வேண்டும். “ஐயா, மருந்து கொடுக்கும்போதெல்லாம் கேட்கணும்னு விதி இருக்கு, கோவிச்சுக்காதீங்க” என்று முதல் நாளே சொல்லி வைத்தால் பெரியவர்கள் ஒத்துழைப்பார்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். “நீங்கதானே முனியாண்டி?” என்றால் அரைத்தூக்கத்தில் இருப்பவரும் காது மந்தமானவரும் தலையை ஆட்டிவிடுவார்கள். “உங்க முழுப் பேர் சொல்லுங்க” என்று கேளுங்கள். நம் வார்டுகளில் முனியாண்டி த/பெ சுப்ரமணியமும், சுப்ரமணியம் த/பெ முனியாண்டியும் எதிரெதிர்க் கட்டிலில் படுத்திருப்பது அபூர்வமல்ல. அதனால் பெயரோடு அடையாள அட்டை எண்ணையும் கைப்பட்டையில் படித்து மருந்து அட்டையோடு ஒப்பிடுங்கள். 12 இலக்கத்தையும் படிக்க வேண்டும். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம் (பினாங்குக்கு 07, கோலாலம்பூருக்கு 14). இரட்டைக் குழந்தைகளுக்கு இந்த எட்டும் ஒன்றாகவே இருக்கும். கடைசி நான்கில்தான் ஆள் வேறுபடுகிறார்.

கட்டில் எண் ஒருபோதும் அடையாளமாகாது. கட்டில் மாற்றுவது வார்டில் தினமும் நடப்பது.

மூன்று வேளை ஆண்டிபயாட்டிக்கைச் சாப்பாட்டு நேரத்துக்கே கொடுத்தால் என்ன?
– மாணவர், கெப்போங்

காலை 8, மதியம் 1, மாலை 7 என்று கொடுத்தால் இரவில் 13 மணி நேரம் இடைவெளி விழுகிறது. பென்சிலின் வகை மருந்துகள் இரத்தத்தில் தேவையான அளவுக்கு மேல் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்பதைப் பொறுத்தே கிருமியைக் கொல்கின்றன. அந்த 13 மணி நேரத்தில் கிருமி மீண்டும் பெருகும். அதனால்தான் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை என்ற மருந்தை வார்டில் 6, 2, 10 என்று பிரிக்கிறார்கள்.

இன்சுலின் இரண்டையும் ஒரே சிரிஞ்சில் எடுக்கும்போது எது முதலில்? தெளிவானதா, கலங்கலானதா? ஏன்?
– மாணவி, நிபோங் திபால்

தெளிவானது முதலில். அதுதான் விரைவாக வேலை செய்யும் இன்சுலின், கலங்கலானது மெதுவாக வேலை செய்வது. இன்சுலின் பேனா வந்த பிறகும் தேர்வில் கேட்கிறார்கள், சில வார்டுகளில் குப்பியும் இருக்கிறது. தெளிவானது 6 யூனிட், கலங்கலானது 14 யூனிட் என்று வைத்துக்கொள்வோம்.

கலங்கல் குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்டுங்கள். குலுக்கினால் நுரை கட்டி அளவு தப்பும். சிரிஞ்சில் 14 யூனிட் காற்றை இழுத்துக் கலங்கல் குப்பிக்குள் விட்டு, ஊசி மருந்தில் படாமல் வெளியே எடுங்கள். பிறகு தெளிவான குப்பிக்குள் 6 யூனிட் காற்றை விட்டு, 6 யூனிட் மருந்தை இழுங்கள். குமிழி இருந்தால் அங்கேயே தட்டி வெளியேற்றுங்கள். கடைசியாகக் கலங்கல் குப்பியிலிருந்து, மொத்தம் 20 கோட்டைத் தொடும்வரை இழுங்கள். 21க்குப் போய்விட்டால் குப்பிக்குள் திருப்பித் தள்ளக் கூடாது. சிரிஞ்சில் இருப்பது கலவை. அத்தனையையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

வரிசை ஏன் முக்கியம்? கலங்கலானதில் மருந்தை மெதுவாக்கும் புரோட்டமின் என்ற புரதம் கலந்திருக்கிறது. அது தெளிவான குப்பிக்குள் போனால், விரைவாக வேலை செய்ய வேண்டிய மருந்து மந்தமாகிவிடும். குப்பியைப் பார்த்தால் அது தெரியாமலும் போகலாம், அடுத்த நோயாளிக்குச் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று யாருக்கும் புரியாது. நீண்ட நேரம் வேலை செய்யும் கிளார்ஜின் இன்சுலினும் தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் அதை எதனோடும் கலக்கக் கூடாது.

இன்னும் இரண்டு விஷயம். ‘யூனிட்’ என்பதற்கு ‘U’ என்ற ஆங்கில எழுத்தை மட்டும் போட்டால், அவசரக் கையெழுத்தில் அது சுழியமாகி, 10 என்பது 100 ஆகத் தெரியும். முழுச் சொல்லாக எழுதுங்கள். உணவுத் தட்டு கட்டிலுக்கு வந்துவிட்டதா என்று பார்க்காமல் குறுகிய கால இன்சுலினைப் போடாதீர்கள். ஸ்கேனுக்காகப் பட்டினி என்று யாராவது தட்டைத் திருப்பி அனுப்பியிருந்தால், நோயாளி சர்க்கரை இறங்கி, வியர்த்துக் கொட்டி மயங்கிவிடலாம்.

பொட்டாசியம் குளோரைடு என்றாலே எங்கள் சிஸ்டர் தனிக் குரலில் பேசுகிறார். அவ்வளவு ஆபத்தா?
– மாணவர், செராஸ்

ஆபத்துதான். இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5 மில்லிமோல் வரைதான் இருக்க வேண்டும். 10 மில்லிலிட்டர் ஆம்பூல் (சிறு மருந்துக் குப்பி) ஒன்றில் 1 கிராம் மருந்து, அதாவது 13.4 மில்லிமோல் இருக்கிறது. அதை நீர்க்காமல் இரத்தநாளத்தில் நேரே தள்ளினால் இதயம் நின்றுவிடும். சலைன் (உப்புநீர்) ஆம்பூலும் சுத்த நீர் ஆம்பூலும் அதே அளவில், அதே தெளிவில் இருப்பதால்தான் பொட்டாசியத்தைத் தனியாக வைக்கிறார்கள், இருவர் சேர்ந்து சரிபார்க்கிறார்கள். இரண்டாமவர் உங்கள் விடையைப் பார்த்துத் தலையாட்டக் கூடாது. அவர் தானே கணக்குப் போட வேண்டும்.

கையின் இரத்தநாளம் வழியாக ஏற்றும்போது லிட்டருக்கு 40 மில்லிமோலைத் தாண்டுவதில்லை, சாதாரண வார்டில் மணிக்கு 10 மில்லிமோலைத் தாண்டுவதில்லை. பலர் தவறவிடும் இடம் கலக்கும் இடம். தொங்கிக்கொண்டிருக்கும் பையில் கீழ்வாயில் வழியாக மருந்தைச் செலுத்தினால், கனமான பொட்டாசியம் அங்கேயே அடியில் தேங்கும். மேலே வெறும் சலைன், கீழே கெட்டியான மருந்து. குழாயைத் திறந்ததும் அந்தக் கெட்டிதான் முதலில் உள்ளே போகும். பையைக் கீழே இறக்கி, குழாயை அடைத்து, மருந்தைச் செலுத்தி, குறைந்தது பத்து முறை தலைகீழாகப் புரட்டிய பிறகே தொங்கவிடுங்கள்.

பக்கவாதம் வந்த என் கணவருக்கு மூக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள். மகள் தாதியர் படிப்பு இரண்டாம் ஆண்டு. மாத்திரைகளை எல்லாம் ஒன்றாக இடித்துப் பாலில் கலக்கிறேன். வேண்டாம் என்கிறாள் அவள்.
– இல்லத்தரசி, பிறை

மகள் சொல்வது சரி அம்மா. மருந்துகளைத் தனித்தனியாகத்தான் கொடுக்க வேண்டும். பாலைச் சற்று நிறுத்தி, தலைப்பக்கத்தை உயர்த்தி, மருத்துவமனையில் காட்டித் தந்தபடி குழாய் இரைப்பையில்தான் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் 15 முதல் 30 மில்லிலிட்டர் தண்ணீர் விடுங்கள். ஒரு மாத்திரையை மாவாகப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து விட்டு, மறுபடி தண்ணீர் விட்டு, பிறகு அடுத்தது. பாலில் கலந்தால் திரிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். நீர் அளவைக் குறைத்துக் குடிக்கச் சொல்லியிருந்தால் இந்தத் தண்ணீரையும் கணக்கில் சேருங்கள்.

பெட்டியில் மருந்தின் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., எல்.ஏ. என்ற எழுத்துகள் இருந்தால் இடிக்கவே கூடாது. ஒரு நாள் முழுக்கச் சிறிது சிறிதாக இறங்க வேண்டிய மருந்து ஒரே அடியில் இறங்கிவிடும். இரத்த அழுத்த மருந்து என்றால் அழுத்தம் சரிந்துவிடும். மருந்துப் பட்டியலை எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போய், குழாயில் கொடுக்கத் தக்க வடிவம் கேளுங்கள். வலிப்புக்கான ஃபெனிடோயின் இருந்தால் அதையும் சொல்லுங்கள். பாலோடு சேர்ந்தால் அது உடம்பில் சரியாக ஏறாது.

வீட்டில் ஜாமு (மலாய் மூலிகை மருந்து) குடிப்பதை நோயாளி சொன்னால் எழுத வேண்டுமா?
– மாணவி, பிரிக்பீல்ட்ஸ்

கட்டாயம் எழுதி மருத்துவரிடம் சொல்லுங்கள். பதிவில்லாத சில ஜாமுகளில் ஸ்டீராய்டு கலப்பதுண்டு. பல மாதம் குடித்தவர் வார்டில் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழலாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர் ஜாமுவும் குடித்தால் இரத்தக்கசிவு ஏற்படலாம். பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, எம்.ஏ.எல். என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

தவறான அளவு கொடுத்துவிட்டேன் என்று உடனே தெரிந்தால் என்ன செய்வது? சிஸ்டரிடம் சொல்லப் பயமாக இருக்கிறது.
– மாணவர், ஆயர் ஈத்தாம்

முதலில் நோயாளியிடம் போங்கள். நாடி, இரத்த அழுத்தம், மூச்சு, ஆக்சிஜன், சர்க்கரை மருந்து என்றால் சர்க்கரை, எல்லாம் பாருங்கள். அந்த நிமிடமே பொறுப்புத் தாதியிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். பாரசிட்டமால், வலிக்கான மார்ஃபின், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் ஆகியவற்றுக்கு முறிவு மருந்து இருக்கிறது. சொல்லத் தாமதித்தால் அதன் பயன் குறையும். பயம் இயல்புதான், ஆனாலும் நேரம் உங்களுடையது அல்ல, நோயாளியுடையது.

பிறகு மருந்து அட்டையில் கொடுத்த அளவையும் கொடுத்த நேரத்தையும் உள்ளபடி எழுதுங்கள். பழைய எழுத்தை அழிக்காதீர்கள். ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்திடுங்கள். சம்பவ அறிக்கைப் படிவத்தில் ‘கவனக்குறைவு’ என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடாதீர்கள். 120 பாட்டிலும் 250 பாட்டிலும் ஒரே தட்டில் இருந்தன, லேபிள் பின்பக்கம் திரும்பியிருந்தது, நடுவில் தொலைபேசி அடித்தது என்று கண்டதை எழுதுங்கள். மறுநாள் அந்தத் தட்டைப் பிரித்து வைக்க அதுதான் உதவும்.