டிசம்பரில் கோஃபா மலை: பிக்ஹார்ன் கிடாவை எங்கே தேடுவது?

கேள்வி: ஃபீனிக்ஸ் நகரில் வசிக்கிறேன். பல ஆண்டுகள் விண்ணப்பித்து, இந்த முறை குலுக்கலில் அரிசோனாவின் கோஃபா மலைப் பகுதிக்குப் பாலைவனப் பிக்ஹார்ன் (வளைந்த பெரிய கொம்புள்ள காட்டுச் செம்மறி) கிடா டேக், அதாவது ஒரு கிடாவை வேட்டையாடும் அனுமதிச் சீட்டு, கிடைத்திருக்கிறது. மான் வேட்டை பழக்கம் உண்டு, மலை ஆட்டுக்குப் போவது இதுவே முதல் தடவை. தண்ணீர் இருக்கும் இடத்தில் மறைந்து உட்கார்ந்தால் போதும் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: நண்பர் சொல்வது ஜூன் மாதத்து ஆட்டுக்குப் பொருந்தும். அரிசோனாவில் உங்களுக்கான பருவம் டிசம்பர் 1 முதல் 31 வரை. அப்போது வெயில் தணிந்திருக்கும், மழை பெய்திருந்தால் செடிகளிலும் பச்சை பிடித்திருக்கும். இரையில் உள்ள ஈரத்தை வைத்தே இந்த ஆடுகள் பல நாள் சமாளித்துவிடும். பீப்பாய்க் கள்ளியைக் கொம்பால் உடைத்துச் சதையைத் தின்பதும் உண்டு. சுனையைக் காவல் காத்தால் காடை பார்க்கலாம், கிடா வருவது சந்தேகம்தான். விலங்குகள் தண்ணீருக்கு வர முடியாதபடி நீர்நிலையிலிருந்து கால் மைலுக்குள் கூடாரம் போடுவது அங்கே குற்றம் என்பதையும் நண்பரிடம் சொல்லுங்கள்.

இனச்சேர்க்கைக் காலம் ஆகஸ்ட், செப்டம்பரில் உச்சத்தில் இருக்கும். டிசம்பரில் பெரிய கிடாக்கள் பெரும்பாலும் தனிக் கூட்டமாகப் பிரிந்துவிடும். பெட்டைகள் குட்டிகளுக்காகச் செங்குத்துப் பாறைகளை விட்டு விலகாது. கிடாக்களுக்கு அவ்வளவு பயம் இல்லை. முகட்டை விட்டுத் தள்ளியிருக்கும் சிறு குன்றுகளிலும் மேயும். மான்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்காத குன்றுகள் அவை.

மானுக்கு நடப்பது போல இங்கே நடந்தால் தோற்பீர்கள். ஆட்டின் கண் அவ்வளவு கூர்மை. ஒரு மைல் தள்ளி நீங்கள் முகட்டில் தலை நீட்டினாலே பார்த்துவிடும். விடிவதற்கு முன்பே ஒரு மேட்டில் ஏறி, சூரியன் முதுகுக்குப் பின்னால் வரும்படி உட்காருங்கள். 15 மடங்கு பைனாகுலரை ட்ரைபாடில் பூட்டிக்கொள்ளுங்கள். கையில் பிடித்தால் மலையே நடுங்கும். ட்ரைபாடில் பாறை அசையாது, ஆடு மட்டும்தான் அசையும். உடம்பு பாறையின் நிறம் என்பதால் முழு ஆட்டைத் தேடாதீர்கள். பின்பக்க வெள்ளை, கொம்பின் வளைவு, காது, இவற்றில் ஏதாவது ஒன்று அகப்படும். பத்து மணி வாக்கில் ஆடுகள் நிழலில் படுத்து அசை போடத் தொடங்கும். வேட்டைக்காரரும் முகாமுக்குத் திரும்பிவிடுவார். நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். படுத்த கிடா அவ்வப்போது எழுந்து சோம்பல் முறித்து இடம் மாற்றும். நிழல் நகர நகர, காலையில் பார்த்து முடித்த அதே சரிவை மறுபடி பாருங்கள்.

கண்டுபிடித்ததும் கிளம்ப வேண்டாம். முதலில் ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் (தூரத்து விலங்கைப் பெரிதாக்கிக் காட்டும் சிறு தொலைநோக்கி) வயதைப் பாருங்கள். கொம்பு உதிர்வதில்லை, ஆண்டுக்கு ஒரு வளையம் விழும். கண்ணைத் தாண்டி வளைந்து வரும் இடத்திலும் தடிமன் குறையாமல், நுனி தேய்ந்து மொட்டையாக இருந்தால் அநேகமாக முதிய கிடா. கொம்பின் அளவுக்குப் புள்ளி போடும் பூன் அண்ட் கிராக்கெட் என்ற அமெரிக்க வேட்டைச் சங்கத்தின் சாதனைப் பட்டியலுக்கு 168 புள்ளி வேண்டும் என்று பேசுவார்கள். அதை விடுங்கள். அரிசோனாவில் வாழ்நாளில் ஒரே ஒரு பாலைவனக் கிடாதான் அனுமதி. அந்த ஒன்று வயதானதாக இருப்பதே எனக்குப் பெரிது.

நெருங்கும்போது மேலிருந்து வாருங்கள். ஆபத்து கீழிருந்து வரும் என்றுதான் ஆடு பெரும்பாலும் கீழ்ப்பக்கமே பார்த்திருக்கும். ஆனால் காலையில் வெயில் ஏறினால் காற்று சரிவில் மேலே போகும், மாலையில் கீழே இறங்கும். அதனால் மேலிருந்து இறங்குவதை மாலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். செங்குத்தாகச் சுடும்போது தூரமானி காட்டும் நேர்த்தூரத்தை அப்படியே நம்பக் கூடாது. 30 டிகிரி சரிவில் 300 மீட்டர் என்றால், கிடைமட்டத் தூரமான 260 மீட்டருக்குத்தான் குறி வைக்க வேண்டும். மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் இதே கணக்கு. மறந்தால் குண்டு முதுகுக்கு மேலே போய்விடும்.

விசையைத் தொடும் முன் ஒரே கேள்வி: கிடா எங்கே விழும்? பாறை விளிம்பில் நிற்கும் கிடா உருண்டால் இறைச்சி நொறுங்கும், கொம்பு உடையும், உங்களால் போய் எடுக்கவும் முடியாமல் போகலாம். அது நகரும்வரை காத்திருங்கள். இரண்டு மணி நேரம் ஆனாலும் சரி. கோஃபாவின் பெரும்பகுதி சட்டப்படி வனாந்தரம் என்பதால் சக்கரம் வைத்த எதையும் உள்ளே கொண்டுபோக முடியாது. இறைச்சி, தலை, தோல் எல்லாம் முதுகில்தான். ஒரு பெரிய கிடாவின் தலையும் கொம்பும் மட்டுமே 10 கிலோவுக்கு மேல் இருக்கும். துணைக்கு இன்னொருவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

அடி தெரியாத சரிவில் இறங்காதீர்கள். ஏறியது போல எளிதாக இறங்க வராது. ஒருமுறை அப்படி இறங்கி, இருட்டும்வரை ஒரு பாறைத் திட்டில் குந்தியிருந்த அனுபவம் எனக்கு உண்டு. செயற்கைக்கோள் தொடர்புக் கருவியும், ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள். சோய்யா கள்ளி (பட்டாலே துண்டாக ஒட்டிக்கொள்ளும் முட்கள்ளி) ஒட்டினால் கையால் பிடுங்கக் கூடாது. சாதாரணச் சீப்பை அடியில் கொடுத்துத் தட்டிவிட்டு, மிச்ச முள்ளைக் குறடால் எடுங்கள். இரண்டாம் உலகப் போரில் அங்கே ராணுவப் பயிற்சி நடந்ததால் வெடிக்காத குண்டுகள் இன்றும் கிடக்கலாம். தரையில் துருப்பிடித்த உலோகம் தென்பட்டால் தொடாமல் சுற்றிப் போங்கள்.

வேட்டை முடிந்ததும் கொம்பை மாநில வனவிலங்குத் துறை அலுவலகத்தில் நேரில் காட்ட வேண்டும். அதற்கான கெடுவை விதிப் புத்தகத்தில் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். நவம்பரில் இரண்டு வார இறுதிகளாவது துப்பாக்கி இல்லாமல் போய், உட்காரப்போகும் மேடுகளைத் தேர்ந்து வையுங்கள்.