கூடத்தின் கதவுக்கு வெளியே

அன்புள்ள ஆசிரியருக்கு,

பேஸ் கிதார் வாசிப்பு பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில், ‘இசைக்கு நிறம் கிடையாது என்று சொல்வதை நான் நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன’ என்று ஒரு வரி வந்தது. அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக வாசித்த குழுக்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம்பிக்கை பிறக்கும். சட்டம் பிரித்தவர்களை இசை சேர்த்துவைத்தது என்றுதான் நினைத்துவந்தேன். வாசித்துப் பிழைக்கும் நீங்களே இப்படிச் சொன்னால் எப்படி? இனச் சமத்துவம் சார்ந்து உங்களுக்குப் பிடித்த பாடல்கள் எவை? என் மகள் கீபோர்டு கற்றுக்கொள்கிறாள். எதிலிருந்து தொடங்கலாம்?

க.

அன்புள்ள க.,

உங்கள் நம்பிக்கையைக் குலைக்க நான் அதை எழுதவில்லை. முன்பின் தெரியாத நான்கு பேர் ஒரு தாளத்துக்குள் வந்து விழுந்துவிட்டால், யார் எங்கிருந்து வந்தார் என்பது மறந்துபோகும். அந்த மறதி உண்மையானது. அதற்காகத்தான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஆனால் பாட்டு முடிந்துவிடும். கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய பிறகு யார் எந்தக் கதவு வழியாகப் போனார், எங்கே சாப்பிட்டார், எங்கே படுத்தார், கையில் எவ்வளவு வாங்கினார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. ‘இசைக்கு நிறம் கிடையாது’ என்று சொன்னவுடன் இந்தக் கேள்விகள் எழாமலே போய்விடுகின்றன. அதனால்தான் அதைச் சொல்வதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பதிவில் ஒரு சொல்கூடக் கிடையாது. மெம்ஃபிஸ் நகரத்தில் பழைய சினிமா கொட்டகை ஒன்றை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றி நடத்திவந்தது ஸ்டாக்ஸ் நிறுவனம். 1962இல், வேறொரு பாடகருக்கு வாசிக்க அங்கே வந்திருந்த நான்கு பேர், இடையில் கிடைத்த நேரத்தில் வாசித்துப் பார்த்ததுதான் ‘கிரீன் ஆனியன்ஸ்’. ஆர்கன் வாசித்த புக்கர் டி. ஜோன்ஸுக்கு அப்போது 17 வயது. ட்ரம்ஸில் அல் ஜாக்சன், பேஸில் லூயி ஸ்டைன்பர்க். மூவரும் கறுப்பர்கள். கிதார் வாசித்த ஸ்டீவ் க்ராப்பர் வெள்ளையர். மூன்று நிமிடம்கூட ஓடாத அந்தப் பதிவை நூறு முறைக்கு மேல் கேட்டிருப்பேன். பேஸ் நடந்துகொண்டே இருக்கும், ட்ரம்ஸ் அதை விட்டு ஒரு இழைகூட விலகாது, கிதார் சும்மா இருந்து சும்மா இருந்து, ஆர்கன் மூச்சு விடும் இடம் பார்த்து ஒரே வெட்டு வெட்டும். அடுத்தவர் வாசிப்பதைக் காதுகொடுத்துக் கேட்காதவரால் அப்படிக் காத்திருக்க முடியாது.

அதே ஊரில் இவர்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட ஒரு இடத்தைத் தேடித்தான் போக வேண்டியிருந்தது. லொரெய்ன் மோட்டல் அப்படிப்பட்ட இடம். நடத்தியவர் கறுப்பர். ஸ்டாக்ஸ்காரர்கள் அங்கே அறை எடுத்துப் பாட்டுக் கட்டுவார்கள். க்ராப்பரும் பாடகர் எடி ஃப்ளாய்டும் 1966இல் ‘நாக் ஆன் வுட்’ எழுதியது அங்கேதான்.

1968 ஏப்ரல் 4 அன்று மாலை மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டதும் அதே மோட்டலின் பால்கனியில்தான். அதற்குச் சற்று முன் அவர் கீழே நின்றிருந்த சாக்ஸபோன் கலைஞர் பென் பிராஞ்சிடம், அன்றிரவுக் கூட்டத்தில் தாமஸ் டோர்சியின் ‘பிரெஷியஸ் லார்ட்’ பாடலை வாசிக்க வேண்டும், அழகாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கச்சேரிக்கு முன் யாராவது வந்து ஒரு பாட்டைச் சொல்லிவிட்டுப் போகும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் இருந்ததில்லை. கிங்கின் இறுதிச் சடங்கில் மஹாலியா ஜாக்சன் அந்தப் பாடலைப் பாடினார். அந்த ஏப்ரலுக்குப் பிறகு ஸ்டாக்ஸ் கூடத்துக்குள்ளும் பழைய நெருக்கம் திரும்பவில்லை என்று அங்கே வாசித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆறு வருடம் ஒரே தாளத்தில் நடந்தவர்கள். வெளியே நடப்பதை அந்தத் தாளத்தால் தடுக்க முடியவில்லை.

அப்படியென்றால் இசைக்காரர்களால் எதுவும் செய்ய முடியாதா என்று கேட்பீர்கள். செய்தார்கள். அதைப் பாட்டாக யாரும் கேட்பதில்லை, எனக்கோ அதுவும் பிடித்த பாட்டு மாதிரிதான். லாஸ் ஏஞ்சல்ஸில் இசைக் கலைஞர்களின் சங்கமே இரண்டாக இருந்தது. வெள்ளையருக்கு 47ஆம் கிளை, கறுப்பருக்கு 767ஆம் கிளை. சினிமா கூடங்களின் வேலை 47க்குப் போகும். நல்ல சம்பளம் அதில்தான். பட்டி காலெட், சார்லஸ் மிங்கஸ் போன்ற கறுப்பர் கிளைக் கலைஞர்கள் இதை எதிர்த்து வேலை செய்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் கலந்த ஒத்திகைக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். கூட்டம் போட்டார்கள், வாக்கு சேகரித்தார்கள், 1953இல் இரண்டு கிளைகளையும் ஒன்றாக்கினார்கள். வேலைக்கு அழைப்பு வருமா என்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் எனக்கும் உண்டு. அந்த அழைப்பே தன் பக்கம் வராதபடி ஒருவரின் தோல் நிறத்தை வைத்து அமைத்திருந்தார்கள் என்பதை நினைக்கும்போது, அந்த வாக்கெடுப்பு எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிகிறது.

சொற்கள் உள்ள பாடல்களில் எனக்கு முதலில் வருவது பில்லி ஹாலிடேயின் ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’. கறுப்பர்களை அடித்து மரத்தில் தொங்கவிட்ட கொடுமையைப் பற்றி ஏபல் மீரபோல் என்ற பள்ளி ஆசிரியர் எழுதியது. ஹாலிடேயோடு ஒப்பந்தம் வைத்திருந்த நிறுவனம் அதைப் பதிவுசெய்யத் தயங்க, 1939இல் கொமடோர் என்ற சிறிய நிறுவனம் பதிவுசெய்தது. அந்தப் பதிவில் ஒரு நிமிடத்துக்கு மேல் குரலே வராது. ட்ரம்பெட்டும் பியானோவும் இடத்தைத் தயார்செய்யும். பாடகி வரும் வரை அவசரப்படாமல் இருப்பது எத்தனை கடினம் என்று பக்கத்தில் வாசிப்பவருக்குத்தான் தெரியும். நியூயார்க்கின் கஃபே சொசைட்டியில் அவர் அதைப் பாடும்போது பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள், முகத்தில் மட்டும் வெளிச்சம் விழும், முடிந்ததும் மறுபடி மேடைக்கு வர மாட்டார். அதற்கு முந்தைய வருடம்தான் ஒரு வெள்ளையர் குழுவின் பாடகியாக அதே நகரத்தின் ஹோட்டல் ஒன்றில் பாடப் போனபோது, விருந்தினர்களின் லிஃப்டில் ஏறாமல் சரக்கு லிஃப்டில் போகும்படி அவருக்குச் சொல்லப்பட்டது.

அடுத்தது கறுப்பினப் பாடகர் சாம் குக். 1963 அக்டோபரில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில், முன்கூட்டியே தொலைபேசியில் அறை பதிந்துவிட்டுப் போனவரை அறை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். 1964 ஜனவரியில் அவர் ‘எ சேஞ்ச் இஸ் கோனா கம்’ (ஒரு மாற்றம் வரும்) பதிவுசெய்தார். ரெனே ஹால் அமைத்த வயலின்களையும் பிரெஞ்சு ஹார்னையும் கவனியுங்கள். காதல் பாட்டுக்கு வைப்பதுபோல அல்ல, ஒருவர் சபையில் எழுந்து பேசப்போகிறார் என்பதுபோல வாசிக்கிறார்கள். அந்த வருட டிசம்பரில் தனிப்பாட்டு இசைத்தட்டாக அது வெளியானபோது அவர் உயிரோடு இல்லை.

உங்கள் மகள் ‘கிரீன் ஆனியன்ஸ்’ இடது கையிலிருந்து தொடங்கட்டும். பன்னிரண்டு பார் ப்ளூஸ், அதாவது பன்னிரண்டு தாளக் கட்டங்கள் திரும்பத் திரும்ப வரும் அமைப்பு, கைக்கு எளிது. ஒரு வாரம் இடது கை மட்டும், மெதுவாக, வேகம் கூடாமல். வலது கை அதற்குப் பிறகு. பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து மேசையில் தாளம் போடுங்கள். கிதாரின் வெட்டு விழும் இடத்தில் மட்டும் கை தட்டினால் போதும். எந்த இடத்தில் சிக்குகிறது என்று எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.