ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைக்கிறீர்களா?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் 30 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை நடத்துகிறேன். ஈரோட்டில் நண்பர் ஒருவரின் மருத்துவமனைக் கணினிகளை முடக்கிவிட்டுப் பணம் கேட்கிறார்கள். நாங்கள் தினமும் இரவு ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுக்கிறோம். அது போதுமா? பெரிய செலவுக்கு வசதியில்லை.

பதில்: அந்த ஹார்ட் டிஸ்க் இப்போது எங்கே இருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். சர்வரின் பின்னால் செருகியபடியே இருந்தால், போதாது. இப்படிக் கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் என்ற தீய மென்பொருள் சர்வரோடு நிற்பதில்லை. அதில் இணைந்திருக்கும் டிஸ்க், நெட்வொர்க்கில் பகிர்ந்திருக்கும் ஃபோல்டர் எல்லாவற்றையும் சேர்த்தே பூட்டிவிடும். சொல்லப்போனால் அவர்கள் முதலில் தேடுவதே பேக்கப்பைத்தான். அது உங்களிடம் பத்திரமாக இருந்தால் எதற்காகப் பணம் தரப்போகிறீர்கள்?

இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்றில் பேக்கப் முடிந்ததும் கழற்றி வெளியே கொண்டுபோய்விட வேண்டும், மறுநாள் அடுத்தது. ஈரோட்டு மஞ்சள் வியாபாரி மொத்தச் சரக்கையும் ஒரே கிடங்கில் அடுக்கத் தயங்குவார் அல்லவா, அதே கணக்குதான். வெளியே போகும் டிஸ்க் தொலைந்தாலும் யாரும் படிக்க முடியாதபடி, விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் வசதியான பிட்லாக்கரைப் போட்டு, அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வேறிடத்தில் பூட்டி வையுங்கள். மாதம் ஒருமுறை, ஏதாவது ஒரு நோயாளியின் கோப்பை வேறு கணினியில் மீட்டுத் திறந்து பார்க்க வேண்டும். இதைத்தான் யாரும் செய்வதில்லை. பேக்கப் பல மாதமாகப் பாதியிலேயே நின்றுபோயிருப்பது ஆபத்து வந்த பிறகுதான் தெரியவரும்.

ஆனால் இப்போதெல்லாம் தகவலைப் பூட்டுவதற்கு முன் நகலெடுத்துக்கொண்டு, வெளியிட்டுவிடுவோம் என்றும் மிரட்டுகிறார்கள். அதற்குப் பேக்கப் மருந்தல்ல. வாசலைத்தான் அடைக்க வேண்டும். சிறிய மருத்துவமனைகளில் நான் முதலில் சந்தேகப்படுவது, மென்பொருள் போட்டுக்கொடுத்தவர் தூரத்திலிருந்து உள்ளே வர வைத்திருக்கும் வழியை. எனிடெஸ்க் போன்றவை இரவும் பகலும் திறந்தே கிடக்கும்; கடவுச்சொல்லும் அவருடைய எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒன்றாகவே இருக்கும். அவர் கேட்கும்போது திறந்து, வேலை முடிந்ததும் மூடுங்கள். முகம் சுளிப்பார், பரவாயில்லை.

ஸ்கேன் இயந்திரத்தின் கணினியில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறதா? அதற்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. மாற்ற முடியாவிட்டால் இணையத்திலிருந்து துண்டித்துத் தனி நெட்வொர்க்கில் வையுங்கள். நோயாளிகளுக்குக் கொடுக்கும் வைஃபையும் தனியாகவே இருக்கட்டும். வரவேற்பில் எல்லோருக்கும் ஒரே லாகின் என்பதை இன்றே நிறுத்துங்கள்.

தாக்குதல் நடந்துவிட்டால் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். கணினியை அணைக்க வேண்டாம், தடயம் அழியக்கூடும். திரையைப் படம் எடுத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி. பணம் கட்டினாலும் தகவல் திரும்பும் என்பதற்கு உத்தரவாதமில்லை. செலவு என்று தயங்குகிறீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், உரிய பாதுகாப்பு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் முடங்கியபோது அவ்வளவு பெரிய மருத்துவமனையே பல நாட்கள் காகிதத்தில்தான் வேலை பார்த்தது. ஆகவே தினமும் மாலை, மறுநாள் அறுவை சிகிச்சைப் பட்டியலையும் உள்நோயாளிகளின் மருந்து, ஒவ்வாமை விவரங்களையும் அச்செடுத்துச் செவிலியர் அறையில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள்.