மாமன் மகள் சிநேகிதி ஆகமாட்டாளா?

கேள்வி: என் பேத்திக்கு ஏழு வயது. மகள் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போய் இரண்டு வருடம். பிள்ளை என்னோடுதான் தேயிலைத் தோட்ட லயத்தில் இருக்கிறாள். பாடசாலையில் 25 கேள்விகள் உள்ள தாள் ஒன்றைத் தந்து நிரப்பச் சொன்னார்கள். கூட்டிப் பார்த்துவிட்டு, 15 புள்ளி, எல்லைக்கோட்டில் நிற்கிறாள் என்கிறார்கள். வெள்ளைக்காரர் எழுதிய கேள்வி நம் பிள்ளைக்குப் பொருந்துமா?
– ஓர் அம்மாயி, மஸ்கெலியா

பதில்: அக்கா, அந்தத் தாளோடு நானும் மல்லுக்கட்டியிருக்கிறேன். பிள்ளைகளின் மனநலச் சிரமங்களை அளக்கும் SDQ (Strengths and Difficulties Questionnaire) என்ற தாள் அது; ரொபர்ட் குட்மன் என்ற பிரித்தானிய மனநல மருத்துவர் 1997இல் வெளியிட்டது. 25இல் சிரமங்களைப் பற்றிய 20 கேள்விகளின் புள்ளிகளைத்தான் கூட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2; புள்ளி கூடக்கூடச் சிரமமும் கூட. பெற்றோர் நிரப்பும் தாளில் 14 முதல் 16 வரை எல்லைக்கோடு, 17இலிருந்து கவலைப்பட வேண்டியது. அந்தக் கோட்டைக் கிழித்தது பிரித்தானியப் பிள்ளைகளை வைத்து.

நான் ஆசிரியையாக இருந்தபோது ஒரு மாலை கொழுந்து மடுவத்துக்கு இதைக் கொண்டுபோனேன். நிறுவைக்குக் காத்திருந்த ஒரு தாயிடம், "மகனுக்கு நல்ல சிநேகிதர் ஒருவராவது உண்டா?" என்று வாசித்தேன். "சிநேகிதன் ஏது டீச்சர்?" என்றவள், கறை பிடித்த விரலால் 'உண்மையில்லை' என்ற கட்டத்தைத் தொட்டாள். அவளுக்குப் பின்னாலேயே பையன் நான்கு பேரோடு டயர் உருட்டிக்கொண்டிருந்தான். அவர்கள் யார் என்று கேட்டேன். "மாமன் பிள்ளைகளும் சித்தி பிள்ளைகளும்." சொந்தத்தைச் சிநேகிதம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் பையன் கணக்கில் 2 புள்ளி ஏறிவிட்டது.

தமிழில் ஒரு பிழையும் இல்லை. திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தாலும் அச்சொட்டாக வரும். அதனால்தான் மொழிபெயர்ப்போடு நிறுத்தக்கூடாது என்கிறேன். தாய்மாரிடம் கேள்வியை வாசித்து, என்ன விளங்கியது என்று கேட்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து அதே விடை வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே சிரமத்தைப் பற்றிய கேள்விகளின் விடைகள் இங்கேயும் சேர்ந்து நிற்கின்றனவா என்று கணக்குப் போட வேண்டும். எல்லைக்கோட்டை நம் பிள்ளைகளை வைத்தே கிழிக்க வேண்டும். சலிப்பான வேலைதான், பலர் முதல் படியோடு எழுந்துவிடுகிறார்கள்.

'பிள்ளைகளைவிடப் பெரியவர்களோடு நன்றாகப் பழகுவாள்' என்றொரு கேள்வியும் இருக்கிறது. உங்கள் முந்தானையைப் பிடித்து வளர்கிறவளுக்கு அதுவும் குறையாகத்தான் விழும். இந்த இரண்டிலும் 2 விழுந்திருந்தால், கழித்துப் பாருங்கள், 11.

அதற்காகத் தாளை அடுப்பில் போட்டுவிடாதீர்கள். 'அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்பாள்' என்ற கேள்விக்கு என்ன போட்டீர்கள்? நாம் பூச்சி மருந்து கொடுத்துவிட்டு மறந்துவிடுவோம். தாள் அதை மனக்கவலையின் பக்கம் எழுதுகிறது. இந்த இடத்தில் நான் தாளின் கட்சி. வலி வரும் நாட்களைக் கலண்டரில் பென்சிலால் குறித்து வையுங்கள். குவைத்திலிருந்து அழைப்பு வராத நாட்களையும் குறியுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தக் கலண்டரையும் எடுத்துக்கொண்டு வகுப்பு ஆசிரியையிடம் போங்கள்.