மைக் இல்லாமல் அணியாக ஆடுவது எப்படி?

கேள்வி: ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற இணையவழித் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் முன்பின் அறியாதவர்களுடன் சேர்ந்து ஆடுகிறேன். என்னிடம் மைக் இல்லாததால் எங்கள் அணி அடிக்கடி சிதறிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: மைக் இல்லாதது பெரிய குறையன்று. 2019இல் வெளிவந்த அந்த விளையாட்டில், மூவர் அணி ஒரு சொல்லும் பேசாமல் ஒருங்கிணைவதற்கென்றே 'பிங்' என்னும் குறியிடும் வசதி இருக்கிறது. கணினியில் மவுஸின் நடுச்சக்கரத்தை ஒருமுறை அழுத்தினால் நீங்கள் செல்லவிருக்கும் இடமும், விரைந்து இருமுறை அழுத்தினால் எதிரி இருக்கும் இடமும் தோழர்களின் திரையில் தெரிவதோடு, உங்கள் பாத்திரமே அதை வாய்விட்டுச் சொல்லியும்விடும். சுடத் தொடங்கும் முன்பே குறியிடுங்கள். சுட்ட பிறகு இடும் குறி பெரும்பாலும் காலங்கடந்தது. தோழர் ஒரு துப்பாக்கியைக் குறித்துக் காட்டினால், அதே பொத்தானால் 'அது எனக்கு' என்று பதில் தாருங்கள். முகம் தெரியாதவரோடும் இணக்கம் பிறப்பது இந்தச் சிறு மறுமொழியில்தான். ஒரே இடத்தை விடாமல் குறித்து நச்சரிப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.